பள்ளத்துத் தண்ணீர்

என் மடிக்கணினியில் ஒரு கோட்டுப்படம் இருக்கிறது. நீலக் கோடு ஏரித் தண்ணீர், பச்சைக் கோடு பயிர். பங்குனி மாதத்துக்கு நேரே இரண்டும் சரிகிற இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளி என் வீட்டுக்கார அக்காவின் ஒன்றேகால் ஏக்கர் நெல். அது காய்ந்த நாளைக் கணக்காகக் குறித்துவைத்தவள் நான். காயவைத்தவளும் நான்தான் என்றால் கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். முழுக்கச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே முடிவுசெய்யுங்கள்.

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பெயின்ட் அடித்த பாகங்கள் ஒரு நீளமான சூட்டு அடுப்புக்குள் ஊர்ந்துபோய்க் காய்ந்து மறுபக்கம் வெளியே வரும். அந்த அடுப்புக்குள் சூடான காற்று எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் பெயின்ட் கருகும் என்பதையெல்லாம் அடுப்பைத் தொடாமலே கணினியில் மாடல் போட்டு, ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. லைனில் நிற்கிறவர்கள் எங்கள் பிரிவை 'ஏசி ரூம்' என்பார்கள். அதில் ஒரு குத்தல் உண்டு. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊரில் கண்மாய் இருந்தது, தண்ணீர்தான் இருந்ததில்லை. வந்த புதிதில் இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பேரோடு ஓர் அறையில் தங்கினேன். ஆறு பேரோடும் சண்டை போட்டேன், என் வாய் அப்படி. பிறகு வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு கிராமத்தில் மாடி அறை பிடித்தேன். கீழே அக்கா குடும்பம். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். மூன்று ஷிப்டுக்கும் ஆள் ஏற்றி இறக்கியதுபோக வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வருவார். நிலத்து வேலை முழுக்க அக்காவுடையது.

மாடியில் துணி காயப்போடும்போது ஏரி தெரியும். நான் வந்த ஆண்டு கார்த்திகை மழையில் அது நிரம்பி வழிந்தது. "ஏரி கோடி போவுது, வா வா" என்று அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கரைக்குக் கூட்டிப்போனார். மதகுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்குகிற பதினான்கு கருங்கல் படிகள் இருக்கின்றன. அன்றைக்கு மேல்படி மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் எனக்கு வேலைப் புத்தி வந்துவிட்டது. இதை மாடல் போட்டால் என்ன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாரம் தவறாமல் படிக்கட்டைப் படம் எடுக்க ஆரம்பித்தேன். எத்தனை படி நனைந்திருக்கிறது, மதகுக்கு வெளியே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா, இரண்டையும் எழுதிக்கொள்வேன். ஏரியை ஒரு பாத்திரமாக நினைத்துத்தான் தொடங்கினேன். அது பாத்திரம்போல நடந்துகொள்ளவில்லை. தண்ணீர் நிறைய இருந்தால் அகலமாக விரிகிறது, விரிந்தால் வெயில் அதிகம் உறிஞ்சுகிறது. மட்டம் குறைந்தால் மதகில் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் கடைசி வயலுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதியை வாய்க்காலே குடித்துவிடுகிறது. கடைசி வயலுக்கு வரவில்லை என்று மதகை இன்னும் தூக்குகிறார்கள், தூக்கினால் மட்டம் இன்னும் சீக்கிரம் இறங்குகிறது. பயிரும் சும்மா இருப்பதில்லை. நடவில் ஒரு தாகம், தூர் கட்டும்போது ஒரு தாகம், கதிரில் பால் பிடிக்கும்போது பெருந்தாகம். ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசைகிறது. அடுப்புக்குள் காற்றும் அப்படித்தான். ஆனால் அடுப்பை நான் காதலித்ததில்லை, இந்த ஏரியைக் காதலித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அக்கா என்னை 'இன்ஜினீரு' என்று கூப்பிடுவார். "இன்னா இன்ஜினீரு, ஏரி இன்னா சொல்லுது?" என்று ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்போடு மாடிக்கு வருவார். நானும் பெரிதாக ஏதாவது சொல்லுவேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மொதல்ல சாப்புடு" என்பார்.

அந்த முதல் ஆண்டு, தை மாதம் நட்ட நவரைப் பயிர் எல்லோருக்கும் நன்றாக விளைந்தது. கடைசி மூன்று வாரம் மட்டும் நான் ஊரில் இல்லை. வடக்கே எங்கள் கம்பெனியின் இன்னொரு பிளாண்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த மூன்று ஞாயிறும் அக்காவே கரைக்குப் போய்த் தன் போனில் படம் எடுத்து அனுப்பினார். படிகள் எல்லாம் காய்ந்திருந்தன, ஆனாலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படிக்கட்டு முடிந்த பிறகும் மதகுக்கு இன்னும் ஆழம் இருக்கிறது போலும் என்று எடுத்துக்கொண்டேன். படத்தில் படிக்கட்டையும் வாய்க்கால் வாயையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டுக் கோப்பில் சேர்த்தேன்.

கோடையில் ஏரி வறண்டதும் லாரிகள் வந்தன. ஏரி மண் எடுக்க ஏலம் விட்டிருந்தார்கள். நடு ஏரியில் ஆள் மூழ்குகிற ஆழத்துக்கு வரிசையாகப் பள்ளம் விழுந்தது. அந்த மண் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது எங்கள் கம்பெனிக்குத்தான் வந்தது. இரண்டாவது ஷெட்டும் புது கேண்டீனும் கட்டுவதற்கு மேடு தூக்கிக்கொண்டிருந்தார்கள். மதிய சாப்பாட்டில் புழுதி விழுகிறது என்று மெயில் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

அந்தப் பள்ளங்களை நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். ஏரியின் கொள்ளளவு கூடிவிட்டதல்லவா! மட்டம் பார்க்கிற கருவியை இரவல் வாங்கி, நான்கு ஞாயிறு வெயிலில் ஏரிக்குள் நடந்து, ஒவ்வொரு பள்ளத்தையும் அளந்தேன். நான்காவது ஞாயிறு அக்கா மோர் கொண்டுவந்தார். பள்ளத்தின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இத்தயும் கணக்குல சேக்கிறியா?"

"ஆமாக்கா. ஒரு குழி விடல."

"இதுல நிக்கிற தண்ணிய கொக்குதாம்மா குடிக்கும். மதகுக்கு வராது. மதகு மேல கீது, இது கீழ கீது."

சின்னக் குழந்தைக்கும் புரிகிற விஷயம். மதகின் வாசலுக்குக் கீழே உள்ள தண்ணீர் மதகு வழியாக வெளியே போகாது. எனக்கும் உடனே புரிந்தது. அன்றைக்கே அறைக்குப் போய், மதகு வாசலுக்குக் கீழே உள்ள தண்ணீரையெல்லாம் கழித்துவிட்டு மாடலை ஓட்டினேன். முதல் ஆண்டுப் பதிவோடு ஒத்துப்போகவில்லை. அந்தக் கணக்குப்படி வாய்க்கால் மூன்று வாரம் முன்பே நின்றிருக்க வேண்டும். ஆனால் அது ஓடியிருக்கிறதே, படமே இருக்கிறதே. ஏரியின் அடித்தண்ணீரும் மதகுக்கு வரும் என்று வைத்துக்கொண்டு ஓட்டினேன். கோடு மேல் கோடு உட்கார்ந்தது. அப்படி உட்காருவதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது, இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அக்கா சொன்னதை விட்டுவிட்டேன். அவரைக் கீழே இறங்கிப்போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாறு படி இறங்கினால் அவர் வீடு.

அந்த ஆண்டு மழை சுமார்தான். தை பிறந்தபோது எட்டுப் படிதான் நனைந்திருந்தது.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தை முதல் ஞாயிறு ரேஷன் கடை வராண்டாவில் நிலம் வைத்திருக்கிறவர்கள் கூடுவார்கள். எத்தனை படி நனைந்திருக்கிறது என்று ஒருவர் எண்ணிவந்து சொல்வார். பத்துக்கு மேல் இருந்தால் எல்லோரும் நடலாம். அதற்குக் கீழே என்றால், வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடை நிலங்கள் அந்தப் பட்டத்துக்குத் தரிசு. ஆனால் கடைமடைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மதகடியில் நிலம் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு துண்டை அந்த ஒரு பட்டத்துக்கு மட்டும் அவர்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். எது யார் துண்டு என்று வரப்பில் வைக்கோல் பிரி கட்டி அடையாளம் வைப்பார்கள். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. அக்காவின் நிலம் கடைமடை. எட்டுப் படி என்றால் அவருக்கு மதகடியில் அரை ஏக்கராவது வந்திருக்கும்.

கூட்டத்துக்கு என்னை அழைத்தவர் டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர். மதகடியில் மூன்று ஏக்கர் வைத்திருந்தார். ஞாயிறுதோறும் என்னைக் கரையில் பார்த்திருக்கிறார். "மேடம், நீங்க கம்ப்யூட்டர்ல இன்னாமோ போட்டுகினு கீறீங்களே, அத்த கொஞ்சம் எங்களுக்கும் சொல்லக் கூடாதா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் என் மாடலைப் பார்க்க மேனேஜருக்கே நேரம் கிடைக்காது. இங்கே நாற்பது பேர் நாற்காலி போட்டுக் கேட்கிறோம் என்கிறார்கள்.

மடிக்கணினியை அரிசி மூட்டைமேல் வைத்துக் காட்டினேன். எட்டுப் படிதான் இருக்கிறது, ஆனால் அந்தப் படிக்கணக்கு பழைய ஏரிக்கு. இப்போது அடியில் ஆழம் கூடியிருக்கிறது, ஆகவே கடைமடைவரை எல்லோரும் நடலாம், சித்திரைவரை தண்ணீர் வரும். மண் எடுத்தது உங்களுக்கு நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். "அந்தப் பள்ளத்துத் தண்ணி மதகுக்கு வராதும்மா. நா அப்பவே சொன்னனே."

"போன வருஷம் வந்துச்சேக்கா. படி காஞ்ச பொறவும் மூணு வாரம் ஓடுச்சு. நீங்கதான படம் எடுத்து அனுப்புனீங்க?"

"போன வருசம் கதை வேற. அப்ப வந்து..."

நான் முடிக்கவிடவில்லை. நாற்பது பேர் பார்க்கிறார்கள். என் கோடு கோடு மேல் உட்கார்ந்திருக்கிறது. "அக்கா, நீங்க சொல்லுதது தோராயம். இது கணக்கு. தெரியாத விஷயத்துல குறுக்க பேசாதீங்க. பயிரு காஞ்சா நான் பொறுப்பு, போதுமா?"

யாரோ சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் திருப்பிப் பார்த்திருப்பேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, சட்டென்று வெளிச்சம் பட்டதுபோலக் கண்ணைச் சுருக்கினார், உட்கார்ந்துவிட்டார். டிராக்டர்காரர், "மேடமே சொல்லிட்டாங்க. எல்லாரும் அவங்கவங்க கயினியில நடலாம்" என்று கூட்டத்தை முடித்தார். அந்த ஆண்டு எந்த வரப்பிலும் வைக்கோல் பிரி கட்டவில்லை.

அக்கா நடாமல் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஊர் நடலாம் என்று சொன்ன பிறகு நடாமல் விட்டால் அடுத்த முறை பங்கு கேட்கும்போது பேச்சு வரும். அதைவிட, நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை நம்பினாரா, என் மானத்தைக் காப்பாற்ற நட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாசி முழுக்கப் பயிர் பச்சையாக நின்றது. ஞாயிறுதோறும் நான் வரப்பில் நடந்து, கணக்கு சொன்ன உயரம் வந்திருக்கிறதா என்று பார்த்துத் திருப்திப்பட்டேன். பங்குனி பிறந்து பத்து நாளில் கடைசிப் படியும் காய்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. பிறகு ஈரச்சேறு. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன்.

நடு ஏரியில் தண்ணீர் இருந்தது! அதுதான் கொடுமை. பள்ளம் பள்ளமாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு, நான் அளந்த அத்தனை தண்ணீரும் அப்படியே இருந்தது. மதகு முழுக்கத் திறந்திருந்தது. சொட்டுகூட வரவில்லை. பள்ளத்தைச் சுற்றி உண்மையாகவே கொக்குகள் நின்றன. நான் கரையில் உட்கார்ந்து அழுதேன். பயிருக்காக அழுதேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை, நான் தப்பு என்பதற்காக அழுதேன். பயிருக்கான அழுகை வர இன்னும் சில நாள் ஆனது.

மதகடிக்காரர்கள் முதலிலேயே நிறையத் தண்ணீர் வாங்கிக்கொண்டவர்கள், போதாததற்கு அவர்களிடம் போர்க்கிணறு இருந்தது. அக்காவிடம் போர் கிடையாது. பால் பிடிக்கிற நேரம். பக்கத்துப் போர்க்காரரிடம் கேட்டு இரண்டு முறை தண்ணீர் பாய்ச்சினார், அதற்குப்பின் அந்தப் போரிலும் காற்றுதான் வந்தது. ஒரு வாரத்தில் கதிர் வெளுத்து நிமிர்ந்து நின்றது. அக்கா ஒரு கதிரைப் பிடித்து உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். எல்லாம் பறந்துபோயிற்று, கையில் ஒன்றும் நிற்கவில்லை. மறுநாள் அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள்.

அன்றைக்கும் மாடிக்குக் குழம்பு வந்தது. நான் ஏதாவது உதவி செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் வாணாம்மா" என்று அத்தோடு முடித்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, காலில் விழுந்து, எப்படியோ முடித்திருப்பேன். என் வாய்க்குச் சண்டை பழக்கம். அவர் அந்த வழியைத் திறக்கவே இல்லை.

கணக்கில் தப்பு எங்கே என்று தேடினேன். முதல் ஆண்டு அக்கா அனுப்பிய படங்கள் போனில் வெட்டாமல் அப்படியே இருந்தன. மூன்று படத்திலும் ஓரத்தில் ஒரு கறுப்புக் குழாய் தெரிந்தது. ஒரு படத்தில் அதன் மறுமுனையில் ஆயில் எஞ்சினே தெரிந்தது. அந்த ஆண்டு மதகுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. கடைசி மூன்று வாரம் ஊரே சேர்ந்து எஞ்சின் வைத்து அதிலிருந்து வாய்க்காலுக்கு இறைத்திருக்கிறார்கள். 'போன வருசம் கதை வேற' என்று அக்கா சொல்ல வந்தது அதைத்தான். அந்தப் பள்ளம் பிறகு தூர்ந்துவிட்டது. இந்த ஆண்டுப் பள்ளமெல்லாம் நடு ஏரியில், எந்தக் குழாயும் எட்டாது. படத்தின் ஓரத்தை வெட்டியதும் நான், அக்காவின் வாக்கியத்தைப் பாதியில் வெட்டியதும் நான்.

மதகு வாசலுக்குக் கீழே உள்ள தண்ணீரைக் கழி என்று மாடலில் ஒரு வரி சேர்த்தேன், முதல் ஆண்டின் கடைசி மூன்று வாரத்தை எஞ்சின் தண்ணீர் என்று தனியே எழுதினேன். பத்து நிமிஷ வேலை. இப்போது இரண்டு ஆண்டும் அழகாக ஒத்துப்போயின. அக்காவின் வயல் காய்ந்த நாளைக்கூட இரண்டு நாள் முன்பின்னாகச் சொல்லியது. அங்கேதான் அந்தச் சிவப்புப் புள்ளியை வைத்தேன்.

ஆடியில் அக்கா வேலைக்குப் போக ஆரம்பித்தார். எங்கள் கம்பெனிக்கே, கேண்டீனில், கான்ட்ராக்டர் மூலம். தட்டு கழுவுவது, டீ கொடுப்பது, மேஜை துடைப்பது. நீலச் சட்டையும் தலைக்கு வலைத்தொப்பியுமாக அவரை முதல் நாள் பார்த்தபோது நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

புரட்டாசியில் கம்பெனியில் ஒரு விழா. ஊழியர்கள் புதிதாகச் செய்த வேலைகளைக் காட்டிப் பரிசு வாங்குவார்கள். என் ஏரி மாடலைப் போடச் சொன்னார்கள், சுற்றுவட்டார ஊருக்கு உதவி செய்ததாகக் கம்பெனியும் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் அவகாசம் இருந்தது. நான் அந்த ஒரு வாரத்தையும் கோடுகளுக்கு நிறம் மாற்றுவதில் செலவழித்தேன்.

விழா நடந்தது புது கேண்டீன் ஹாலில். அது நிற்பதே அந்த ஏரி மண்ணின் மேல்தான். திரையில் வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஏரியையும் வயல்களையும் காட்டினேன். சிவப்புப் புள்ளியைக் காட்டி, இந்த இடத்தில் மாடல் சொன்னது நிஜத்தில் அப்படியே நடந்தது என்றேன். கைதட்டினார்கள். பிளாண்ட் ஹெட் முன்வரிசையிலிருந்து எழுந்து மேடைக்கு அருகே வந்தார். அதே நேரம் டீத் தட்டோடு அக்காவும் வந்தார். கைக்கெட்டுகிற தூரம். அவர் கண் திரையில் இருந்தது. வாலாஜாபாத் ரோடு, பெரிய வாய்க்கால், அதன் கடைசி வளைவு என்று அவர் பார்வை ஒவ்வொன்றாகப் போய்த் தன் வயலில் நின்றதை நான் பார்த்தேன்.

பிளாண்ட் ஹெட் டீயை எடுத்துக்கொண்டே கேட்டார். முதல் மாடலில் இருந்த தப்பை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கையை நீட்டியிருந்தால் போதும். நான், "மாடலைப் பல விதமாக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததில் தெரியவந்தது சார்" என்றேன். கேள்வியும் இங்கிலீஷ், பதிலும் இங்கிலீஷ். அக்காவுக்குப் புரிந்திருக்காது என்று அந்த நொடியே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் அடுத்த வரிசைக்கு டீ கொண்டுபோனார். நான் கேடயம் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

அன்று சாயங்காலம் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பள்ளத்தைக் கழிச்சிட்டியா?"

"கழிச்சிட்டேன்க்கா."

"நல்லது" என்றார். கேடயத்தை நான் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. இன்றும் அது அந்தப் பையில்தான் கிடக்கிறது.

மறுபடி தை வந்தது. ஒன்பது படி. நான்கு மாதமாக எனக்குள் ஒத்திகை பார்த்திருந்ததை அந்த ஞாயிறு ரேஷன் கடை வராண்டாவில் சொன்னேன். போன வருஷம் நான் சொன்னது தப்பு. பள்ளத்துத் தண்ணீர் மதகுக்கு வராது என்று அக்கா இதே இடத்தில் சொன்னார், நான்தான் பேசவிடாமல் அவர் வாயை அடைத்தேன், அவர் சொன்னதுதான் சரி. முழுக்கச் சொன்னேன்.

டிராக்டர்காரர் சிரித்தார். "அது எங்களுக்கும் தெரிஞ்சதுதானே மேடம். தண்ணி பள்ளத்துலருந்து மேல ஏறுமா இன்னா? நீங்களா வந்து பங்கு வாணாம்னு சொல்லிக் குடுத்தீங்க, நாங்க இன்னாத்துக்கு வேணும்னு சொல்லப் போறோம்?"

திட்ட வாயைத் திறந்தேன். அவரைத் திட்ட எந்த முகத்தோடு திட்டுவது? அவர்களுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, அதைத் தேடிப்போய்த் தட்டில் வைத்துக் கொடுத்தவள் நான்.

அந்த ஆண்டு வழக்கப்படியே பங்கு பிரித்தார்கள். கடைமடைக்காரர்களுக்கு ஒவ்வொன்றாகத் துண்டு ஒதுக்கினார்கள். அக்காவுக்கு ஒதுக்கவில்லை. "அவங்கதான் கம்பெனிக்குப் போறாங்களே, பயிர் வைக்கலன்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்றார்கள். நான் பின்வரிசையைத் தேடினேன். அன்றைக்கு அக்காவுக்குக் காலை ஷிப்ட். ஞாயிறு ஓ.டி. நான் அவர் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் எங்கள் கேண்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். அக்கா உள்ளே போய் முகம் கழுவிவிட்டு, சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தார். கையெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

"அக்கா, ரேஷன் கடையில இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்க்கா. நீங்க சொன்னதுதான் சரி, நான்தான் உங்கள பேசவிடலன்னு."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார்.

"ரேஷன் கடையிலயா?"

"ஆமாக்கா."

"கேண்டீன்ல அந்தப் பெரிய சார் கேட்டாரே, அப்ப சொல்லியிருக்கலாம்மா. நா உன் பக்கத்துலயேதானே நின்னுகினு இருந்தேன்."

குரல் உயரவில்லை. சொம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை முருங்கைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். நான் எழுந்து பதினாறு படி ஏறி என் அறைக்குப் போனேன்.